செப்டம்பர் 21: ஒருத்தரும் அரைவாசி தாண்டாட்டி என்ன நடக்கும்?

பருத்தித்துறைப் பெடியன்
2024 ஆகஸ்ட் 17, இரவு 9.12

இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு முடிஞ்சு ரெண்டு நாள். 39 பேர் நிக்கினம். ஆனா சந்தியில, சலூனில, வாட்ஸ்அப்பில கதைபடுறது நாலு சின்னந்தான். எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவின்ர தொலைபேசி, ஜேவிபித் தலைவர் அநுர குமார திசாநாயக்கவின்ர திசைகாட்டி, இப்ப ஜனாதிபதியா இருக்கிற ரணில் விக்கிரமசிங்கவின்ர சிலிண்டர், நாமல் ராஜபக்சவின்ர மொட்டு. எங்கட பக்கம் அஞ்சாவதா தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின்ர சங்கு.

என்ர கணக்கு: முதல் எண்ணிக்கையில சஜித் 41, அநுர 35, ரணில் 18. ஒருத்தரும் 50 தாண்ட மாட்டினம். ரெண்டாவது எண்ணிக்கையில சஜித் வருவார்.

உங்கட கணக்கையும் போடுங்கோ. ஆர் வருவினம் எண்டதோட, வந்தாப் பிறகு என்ன நடக்கும் எண்டும் எழுதுங்கோ. "எங்கட ஆள்தான் வெல்லுவார்" எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு ஓடுற வேலை வேண்டாம்.

ஸ்காபரோ சிவம்
2024 ஆகஸ்ட் 17, இரவு 10.47

ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான். 1982 இலிருந்து பாக்கிறன். இதுக்கு ஒரு கணக்கு, அதுக்கு ஒரு இழை.

கந்தோர்க்காரர்
2024 ஆகஸ்ட் 18, காலை 6.05

ஒண்டுதான் எண்டால் நித்திரை கொள்ளலாம் சிவம். ஆனா 2005 இல யாழ்ப்பாண மாவட்டத்தில வாக்குப் போட்டது நூற்றுக்கு ஒண்டேகால் பேர்கூட இல்லை. மகிந்த ரணிலை வெண்டது ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கால. பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தம்பி பெடியன், உம்மட கணக்கில எனக்குப் பிடிச்சது "ஒருத்தரும் 50 தாண்ட மாட்டினம்" எண்ட வரிதான். இந்த நாட்டில இதுவரை எட்டு ஜனாதிபதித் தேர்தல் நடந்திருக்கு. எட்டும் முதல் எண்ணிக்கையோட முடிஞ்சது. கிட்டக் கிட்ட வந்தது ரெண்டு தரம். 1988 இல பிரேமதாசவுக்கு 50.43. 2005 இல மகிந்தவுக்கு 50.29. அந்த 2005 இல அவர் அரைவாசிக்கு மேல எடுத்தது 28 ஆயிரத்துச் சொச்சம் வாக்குத்தான். அது குறைஞ்சிருந்தால் அண்டைக்கே ரெண்டாம் எண்ணிக்கை நடந்திருக்கும்.

கனபேருக்கு முறை வடிவா விளங்கேல்ல, அதால எழுதிறன். அரைவாசி எண்டது செல்லுபடியான வாக்கில அரைவாசி. பதிவான வாக்காளரில இல்லை. ஒருத்தரும் அதைத் தாண்டாட்டி முதல் ரெண்டு பேரை மட்டும் வைச்சுக்கொண்டு மற்ற எல்லாரையும் நீக்குவினம். நீக்கின ஆக்களுக்கு விழுந்த சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அதில 2 எண்டு ஆருக்குப் போட்டிருக்கு எண்டு பாப்பினம். அந்த 2 முதல் ரெண்டு பேரில ஒருத்தருக்கு எண்டால் அவரோட சேரும். 2 உம் நீக்கின ஆளுக்குப் போயிருந்தால் 3 ஐப் பாப்பினம். 2, 3 ஒண்டுமே போடாத சீட்டு கட்டி வைக்கப்படும். அவ்வளவுதான்.

இன்னொரு நாள் திரும்ப வாக்குச்சாவடி திறக்கிற கதை எங்கட சட்டத்தில இல்லை.

திண்டுக்கல் வாசகன்
2024 ஆகஸ்ட் 18, காலை 11.30

தமிழ்நாட்டுல இருந்து ஒரு சந்தேகம். அப்ப இது எங்க குடியரசுத் தலைவர் தேர்தல் மாதிரிதானே? 1969ல வி.வி.கிரி ரெண்டாவது விருப்ப வாக்கை எண்ணித்தான் ஜெயிச்சார். ஆனா அங்க ஓட்டுப் போட்டது எம்.பி., எம்.எல்.ஏ.க்கள். அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கட்சி இருக்கு. உங்க ஊர்ல ஒன்றே முக்கால் கோடி பேருக்கு 1, 2, 3 போடணும்னு யார் சொல்லிக் கொடுக்கிறது?

கந்தோர்க்காரர்
2024 ஆகஸ்ட் 18, மதியம் 12.15

ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்ல. அதுதான் விசயம். தெளிவாச் சொன்னால், எந்தக் கட்சிக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லை. "எனக்கு 1 போடுங்கோ, 2 ஐ அவருக்குப் போடுங்கோ" எண்டு மேடையில சொல்லுற வேட்பாளர், "நான் தோக்கப்போறன்" எண்டு சொல்லுறார் எண்டுதானே சனம் எடுக்கும்? வாக்கெண்ணுற கடமைக்குப் போன காலத்தில நான் கண்ட சீட்டுகளில முக்காலே மூணுவீசம் வெறும் புள்ளடி, ஒரு X மட்டும்.

கல்முனைக் காற்று
2024 ஆகஸ்ட் 19, இரவு 8.20

என்ட கணக்கு: அநுர முதலாவது, சஜித் ரெண்டாவது. வித்தியாசம் பெருசா இருக்கும்.

முஸ்லிம் கட்சித் தலைவருமார் எந்தப் பக்கம் நிக்காங்க எண்டு பார்த்து கணக்குப் போடாதீங்க. ஹக்கீமும் ரிஷாதும் தொலைபேசியோட. உண்மைதான், நம்மட பக்கம் கூடின வாக்கு அதுக்குத்தான் விழும். ஆனா வீட்டுக்குள்ள பாருங்க. வாப்பா தொலைபேசி, மகன் திசைகாட்டி. 2020 இல கொரோனாவில இறந்த முஸ்லிம் மையித்துகளை எரிச்ச நேரம் எங்கட எம்பிமார் சிலபேர் அந்த அரசாங்கத்துக்கு, ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டின இருபதாவது திருத்தத்தில கை தூக்கினாங்க. பொடியனுகள் அதை மறக்கல்ல. இப்ப வந்து மன்னிப்பெண்டு அமைச்சரவை தீர்மானம் எடுத்தா போதுமா?

இதே வேலைதான் சிங்கள ஊரிலயும் நடக்கும். 2019 இல 69 லட்சம் வாக்கு கோட்டாபயக்கு விழுந்துதே, அது இப்ப எங்க போகும்? நாமலுக்கா? இல்ல. ரணிலுக்குக் கொஞ்சம் போகும். மிச்சம் முழுக்க திசைகாட்டிக்குத்தான். சஜித்துக்கு அது ஏன் வரணும்?

பருத்தித்துறைப் பெடியன்
2024 ஆகஸ்ட் 19, இரவு 9.02

2019 இல அநுரவுக்கு 3.16 சதவீதம். நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் வாக்கு. பாராளுமன்றத்தில மூண்டு ஆசனம். மூண்டிலிருந்து அம்பதுக்கு ஒரே பாய்ச்சலோ? கூட்டத்துக்கு வாற சனம் எல்லாம் வாக்காகாது காக்கா.

கல்முனைக் காற்று
2024 ஆகஸ்ட் 19, இரவு 9.10

ஒரே பாய்ச்சல்தான். 2022 இல காலிமுகத்திடல் போராட்டத்தைப் பார்த்தும் இந்தக் கேள்வி கேக்கிறீங்களே.

கொட்டாஞ்சேனை
2024 ஆகஸ்ட் 20, காலை 7.48

எல்லாரும் கோபத்தை மட்டும் வச்சுக் கதைக்கிறீங்க. 2022 செப்டம்பரில் கொழும்பு பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இப்ப ஒன்று, ரெண்டு. டொலர் 360 இலிருந்து 300க்கு வந்திருக்கு. எரிவாயு வரிசை இல்லை, பெற்றோலுக்குக் கியூஆர் இல்லை. இதைச் செய்த ரணிலுக்கு 17, 18 தானா?

ஆனா உண்மையைச் சொன்னா, எனக்கும் அவ்வளவுதான் கிடைக்கும் என்று படுது. விலை ஏறுறது நின்றதே தவிர, ஏறின விலை இறங்கல்லையே. வற் வரி 18. சம்பளக்காரன் கையில வரி வெட்டிட்டுத்தான் காசு வருது. எங்க அலுவலகத்தில் ரணில் செய்தது சரி என்று சொல்றவனும் வாக்கு திசைகாட்டிக்கு என்கிறான். அவரைத் தெரிவு செய்தது 2022 இல் பாராளுமன்றத்தின் 134 கை. அதில் பெரும்பகுதி ராஜபக்சக்களின் மொட்டுக்காரர் கை. அந்தக் கறை போகல்ல.

யார் வந்தாலும் என்ன நடக்கும் என்று கேட்டீங்க. பொருளாதாரத்தில் பெரிசா ஒன்றும் மாறாது. சர்வதேச நாணய நிதியத்தோட 2023 மார்ச்சில் போட்டது 48 மாத ஒப்பந்தம், கிட்டத்தட்ட 300 கோடி டொலர். தவணை தவணையாத்தான் வரும். அடுத்த வருசத்திலிருந்து வட்டியைக் கழிச்சுப் பார்த்தா வரவு செலவில், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீத அளவுக்கு மிச்சம் காட்டணும். அநுர வந்தா "பேசித் திருத்துவோம்" என்பார், சஜித்தும் அதையே சொல்வார். ரெண்டு பேரும் கடைசியில் அதே மேசையில்தான் உட்காரணும். முதல் கிழமை பங்குச்சந்தை பயப்படும், பிறகு பழகிடும்.

கொட்டகலை
2024 ஆகஸ்ட் 22, இரவு 7.35

நீங்க எல்லாம் டொலரப் பேசுறீங்க. நாங்க தேயிலைத் தோட்டத்து நாள் சம்பளம் 1,700 ரூபாயப் பேசுறோம். மே தினத்தன்னிக்கு எங்க ஊர் மேடையில வச்சுத்தான் ஜனாதிபதி 1,700 சம்பளம்னு சொன்னாரு. வர்த்தமானி வந்துச்சு. கம்பனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. இப்ப 1,350 அடிப்படை, மிச்சம் 350 வேலையப் பொறுத்துன்னு பேச்சு. கொழுந்து எடுக்கிறவங்க கைக்கு இன்னும் ஒன்னும் வரல.

இங்க ஓட்டு ரெண்டாப் பிரியும். தொழிலாளர் காங்கிரஸ் சிலிண்டருக்கு, மனோ கணேசன், திகாம்பரம் ஆளுங்க போனுக்கு. நுவரெலியா, பதுளை ரெண்டுலயும் போன் முன்னால வரும்னு நினைக்கிறேன். லயத்துப் புள்ளைங்க கொழும்புல கடை வேலைக்குப் போயி வந்து வேற மாதிரிப் பேசுதுங்க, அதையும் சொல்லணும்.

யாருக்குப் போட்டாலும் 2 போடுன்னு எங்க பக்கம் ஒரு தலைவரும் சொல்லல. கந்தோர்க்காரர் ஐயா சொன்னது சரி.

சங்குக்காரி
2024 ஆகஸ்ட் 24, மாலை 5.50

நாலு பக்கம் வாசிச்சன். எல்லாரும் தெற்கில ஆர் வெல்லுவினம் எண்ட பந்தயத்தில நிக்கிறியள். நான் கேக்கிறன், எங்கட வாக்கு இவ்வளவு காலமும் என்ன செய்தது?

2010 இல சரத் பொன்சேகாவுக்குப் போட்டம். எங்கட சனத்துக்கு மேல படையைக் கொண்டு வந்த தளபதிக்கு. தோத்தார். 2015 இல மைத்திரிக்குப் போட்டம். நாலரை லட்சத்தால வெண்டார். வெண்ட பிறகு அரசியலமைப்பு வேலை பாதியில நிண்டது, 2018 இல அவரே மகிந்தவைப் பிரதமராக்கினார். 2019 இல சஜித்துக்கு யாழ்ப்பாணத்தில நூற்றுக்கு எண்பதுக்கு மேல போட்டம். தோத்தார். வெண்டாலும் தோத்தாலும் எங்களுக்குக் கிடைச்சது ஒண்டுதான்.

அப்ப இந்த முறை எங்களுக்கே போட்டு எண்ணிப் பாப்பம் எண்டு கேட்டால் என்ன பிழை? சங்கு வெல்லாது எண்டு எனக்கும் தெரியும். எத்தனை பேர் இன்னும் அரசியல் தீர்வு கேக்கினம் எண்டதுக்கு ஒரு எண் வேணும். அதுக்குத்தான்.

பருத்தித்துறைப் பெடியன்
2024 ஆகஸ்ட் 24, மாலை 6.20

எண் சின்னனா வந்தால்? "பாத்தியளோ, தமிழருக்குத் தீர்வு தேவையில்லை" எண்டு எழுத ஆக்கள் தயாரா இருக்கினம்.

கந்தோர்க்காரர்
2024 ஆகஸ்ட் 24, இரவு 8.00

சங்குக்காரி பிள்ளை, உங்கட நியாயத்தோட எனக்குச் சண்டையில்லை. 1982 இல குமார் பொன்னம்பலம் நிண்டவர். ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம் வாக்கு, 2.67 சதவீதம். 2010, 2019 இல சிவாஜிலிங்கம் நிண்டு எடுத்தது அதுக்குக் கிட்டவும் இல்லை. அதால இது அளந்து பாக்கிற முயற்சி எண்டு நீங்கள் சொன்னால் ஏற்கலாம்.

நான் கேக்கிறது ஒண்டு. சங்குக்கு 1 போட்டாப் பிறகு 2 ஆருக்கு?

சங்குக்காரி
2024 ஆகஸ்ட் 24, இரவு 8.11

ஒருத்தருக்கும் இல்லை. 2 போட்டால் அது சங்குக்கு விழுந்த வாக்கு இல்லை, சஜித்துக்கு விழுந்த வாக்கு சங்கைச் சுத்திக்கொண்டு வந்தது எண்டு சொல்லுவினம்.

கந்தோர்க்காரர்
2024 ஆகஸ்ட் 24, இரவு 8.34

சட்டம் அப்பிடிப் பாக்காது. 1 எண்டு போட்டது சங்கின்ர கணக்கில காலத்துக்கும் நிக்கும். தேர்தல் ஆணைக்குழு வெளியிடுற மாவட்ட முடிவில அந்த எண் மாறாது. 2 எண்டது தனியா, சங்கு போட்டியில இல்லாமல் போன பிறகு வாற கேள்விக்கு நீங்கள் சொல்லுற பதில். "எங்கட ஆளுக்கு முதல், அதுக்குப் பிறகு உங்கள் ரெண்டு பேரில ஆர் எங்களோட எழுத்தில கதைச்சவரோ அவருக்கு" எண்டு சொல்லுற பலம் வடக்கு கிழக்கில ஒரு மூண்டு லட்சம் சீட்டுக்கு இருந்தால், ரெண்டு பேரும் கிளிநொச்சிக்கு வந்து பேரம் பேசுவினம். 2 போட மாட்டம் எண்டு முதலே சொல்லிப்போட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். ஏன் வரவேணும்?

மற்றது, புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில கலக்காதேங்கோ. 1, 2, 3 எண்டால் மூண்டும் இலக்கம்.

சங்குக்காரி
2024 ஆகஸ்ட் 24, இரவு 9.05

பேரம் பேசினவை எல்லாம் எழுதித்தான் தந்தவை. 1957 பண்டா–செல்வா ஒப்பந்தத்தையும் 1965 டட்லி–செல்வா ஒப்பந்தத்தையும் உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

ஸ்காபரோ சிவம்
2024 ஆகஸ்ட் 25, அதிகாலை 2.14

பிள்ளைக்கு ஒரு லைக்.

கொட்டாஞ்சேனை
2024 ஆகஸ்ட் 30, மதியம் 1.05

மூன்று பேரின் விஞ்ஞாபனமும் வந்திட்டு. மாகாண சபைகளுக்கு அதிகாரம் தாற பதின்மூன்றாம் திருத்தத்தைப் பற்றி என் வாசிப்பு: சஜித் முழுசாத் தருவேன் என்கிறார், ரணில் பொலிஸ் அதிகாரத்தைத் தள்ளி வைக்கிறார், அநுர புதிய அரசியலமைப்பில் பார்ப்போம், 2015–2019 வேலையைத் தொடர்வோம் என்கிறார். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்பதும் இருக்கு. சந்திரிகா 1994 இல் சொன்னதை நான் பள்ளிக்கூடம் போகும்போது கேட்டேன். இப்ப என் மகள் கேட்கிறாள்.

கந்தோர்க்காரர்
2024 ஆகஸ்ட் 30, இரவு 7.40

பதின்மூண்டு கையில தாற சாமான் இல்லை, ஏற்கெனவே 1987 இலிருந்து சட்டத்தில கிடக்கு. வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது. கிழக்கு அதுக்கும் முதல். ஆறு வருசமா ஆளுநர்தான். அதால "முழுசா" எண்டு சொல்லுறதை விட, தேர்தலை எந்த மாதம் வைப்பியள் எண்டு கேக்கவேணும். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி 2006 இல உயர் நீதிமன்றத்துக்குப் போனவை ஜேவிபி எண்டதையும் சனம் மறக்கேல்ல. அது அநுரவுக்கு இஞ்ச வாக்குக் குறையிறதுக்கு ஒரு காரணம். பெடியளுக்கு அது பழைய கதையாப் போச்சு எண்டதும் உண்மை.

பருத்தித்துறைப் பெடியன்
2024 செப்டம்பர் 1, இரவு 7.15

வவுனியாவில தமிழரசுக் கட்சி மத்திய குழு கூடி சஜித்துக்கு ஆதரவு எண்டு தீர்மானிச்சிட்டினம்! அரியநேத்திரனை விலகச் சொல்லியும் கேட்டிருக்கினம். இழையைத் திரும்ப எழுப்புறன். இப்ப சங்குக்கு என்ன நடக்கும்?

சங்குக்காரி
2024 செப்டம்பர் 1, இரவு 7.22

கூடும்.

கல்முனைக் காற்று
2024 செப்டம்பர் 1, இரவு 7.40

தமிழ்க் கட்சிக்காரருக்குள்ள மூணு முடிவு. தமிழரசு ஆள் சங்கில நிக்கார், தமிழரசுக் கட்சி தொலைபேசியில, கஜேந்திரகுமார் ஆக்கள் பகிஷ்கரிப்பு. எங்கட முஸ்லிம் காங்கிரஸ் பரவாயில்ல போல.

பருத்தித்துறைப் பெடியன்
2024 செப்டம்பர் 1, இரவு 8.03

என்ர பார்வையில தீர்மானம் சனத்துக்குப் பிந்தி வந்திருக்கு. வடக்கில சஜித்துக்கு 60 வரும் எண்டு நினைச்சனான். இப்ப சஜித், சங்கு, ரணில் மூண்டும் கிட்டக் கிட்ட வரும். அமைச்சர் டக்ளஸ் தேவானந்தாவின்ர ஆக்களும் இஞ்ச ரணிலுக்கு வேலை செய்யினம்.

கொட்டாஞ்சேனை
2024 செப்டம்பர் 15, இரவு 10.20

யார் வருவார் என்பதை விட்டு, வந்த மறுநாளைக் கேட்கிறேன். அநுர வந்தா பாராளுமன்றத்தில் அவர் கட்சிக்கு மூன்று பேர். பிரதமர் தினேஷ் குணவர்தன. அமைச்சரவை எப்படி?

கந்தோர்க்காரர்
2024 செப்டம்பர் 16, காலை 6.20

இதைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான்.

ஜனாதிபதியா வந்தவுடன அவரின்ர எம்பி ஆசனம் வெறுமையாகும். பட்டியலில அடுத்த ஆள் வருவார். அந்த மூண்டு பேரில ஒருத்தர் பிரதமர், மற்றவை அமைச்சர், ஜனாதிபதியும் சில அமைச்சை வைச்சிருக்கலாம். நாட்டின்ர முழு அமைச்சரவையும் ஒரு ஓட்டோவில போய் இறங்கலாம். சட்டத்தில அதுக்குத் தடையில்லை.

பாராளுமன்றத்தைக் கலைக்கலாமோ எண்டால், கலைக்கலாம். இருபத்தோராம் திருத்தத்தின்படி முதல் அமர்விலிருந்து ரெண்டரை வருசம் போகவேணும். இது 2020 ஓகஸ்டில கூடின சபை. காலம் எப்பவோ தாண்டிட்டுது. அதால அநுர வெண்டால் ஒரு கிழமைக்குள்ள கலைப்பார் எண்டது என்ர கணக்கு. காத்திருந்தால் பழைய எம்பிமார் ஒவ்வொருத்தரா வந்து கதவைத் தட்டுவினம், அதுக்கு அவர் இடம் குடுக்க மாட்டார். சஜித் வெண்டால் கொஞ்சம் ஆறுதலாக் கலைப்பார், ஏனெண்டால் அவரிட்ட ஐம்பதுக்குக் கிட்ட ஆக்கள் இருக்கினம், ரணில் பக்கம் போனவையும் திரும்பி வருவினம்.

ஜனாதிபதியை வெண்ட கட்சிக்குப் பாராளுமன்றமும் சாயிறது வழமை. 2010 இல மகிந்தவுக்கு 144, 2020 இல மொட்டுக்கு 145. 2015 இல ரணிலுக்கு 106, பெரும்பான்மைக்கு வேண்டிய 113 க்கு ஏழு குறைவு. அந்த ஏழு குறைஞ்சதால நடந்த கூத்து எல்லாருக்கும் தெரியும். விகிதாசார முறை வந்தாப் பிறகு மூண்டில ரெண்டு, அதாவது 150, தனிய ஒருத்தரும் எடுத்ததில்லை. இனியும் எடுக்கிறது கஷ்டம். அதால புதிய அரசியலமைப்பு எண்டு ஆர் சொன்னாலும், மற்றக் கட்சியின்ர கை இல்லாமல் நடக்காது எண்டு எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.

திண்டுக்கல் வாசகன்
2024 செப்டம்பர் 20, இரவு 9.00

கடைசிக் கணிப்பு எல்லாரும் ஒரு வரியில சொல்லுங்க.

கொட்டகலை
2024 செப்டம்பர் 20, இரவு 9.20

மலையில போன். நாட்டுல திசைகாட்டி.

கொட்டாஞ்சேனை
2024 செப்டம்பர் 20, இரவு 9.26

அநுர 43, சஜித் 31, ரணில் 20. நேற்று பிணைமுறிக்காரங்களோட கடன் மறுசீரமைப்பு இணக்கம் வந்திருக்கு. தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னால! ரணிலுக்கு ஒரு வாக்கும் கூடாது, ஆனா அடுத்து வாறவருக்குத் தலையிடி குறைவு.

பருத்தித்துறைப் பெடியன்
2024 செப்டம்பர் 20, இரவு 9.31

சஜித். ரெண்டாம் எண்ணிக்கையில. மாத்தமாட்டன்.

கல்முனைக் காற்று
2024 செப்டம்பர் 21, இரவு 11.50

ஊரடங்கு போட்டுட்டாங்க. இவ்வளவு அமைதியா நடந்த தேர்தலுக்கு ஏன் எண்டு விளங்கல்ல. வாற தபால் முடிவெல்லாம் திசைகாட்டி.

பருத்தித்துறைப் பெடியன்
2024 செப்டம்பர் 22, காலை 10.40

யாழ்ப்பாணம் முழுசா வந்திட்டுது. சஜித் 1,21,177. சங்கு 1,16,688. ரணில் 84,558. அநுர 27,086. நாலாயிரத்துச் சொச்சத்தால தொலைபேசி முதலாவது. மூண்டும் கிட்டக் கிட்ட வரும் எண்டு செப்டம்பர் 1 இல எழுதினது ஆர்?

கல்முனைக் காற்று
2024 செப்டம்பர் 22, காலை 10.52

அதுக்கு மேல ஆகஸ்ட் 17 இல எழுதினது யார் தம்பி?

கந்தோர்க்காரர்
2024 செப்டம்பர் 22, மதியம் 1.30

ஒருத்தரும் அரைவாசி இல்லை. அநுர 42.31, சஜித் 32.76, ரணில் 17.27. ரெண்டாம் எண்ணிக்கைக்கு ஆணைக்குழு அறிவிச்சிட்டுது. நாற்பத்திரண்டு வருசத்தில முதல்முறை. அந்தப் பெட்டிகளுக்கு முன்னால இருக்கிற உத்தியோகத்தரின்ர பாடு எனக்குத் தெரியும். ஒருத்தரும் முன்ன பின்ன செய்யாத வேலை.

கந்தோர்க்காரர்
2024 செப்டம்பர் 22, இரவு 9.15

முடிஞ்சுது. அநுர 57,40,179. சஜித் 45,30,902. தொலைக்காட்சியில 55.89 சதவீதம் எண்டு காட்டுறது அந்த ரெண்டு பேருக்குள்ள மட்டும் பிரிச்ச கணக்கு. எல்லாச் செல்லுபடியான வாக்கிலயும் பாத்தால் 43 தான் வரும். எதிர்க்கட்சி 42 எண்டும், அரசாங்கம் 55 எண்டும் இனி அஞ்சு வருசம் சொல்லுவினம்.

இப்ப என்ர பழைய கேள்விக்கு வாறன். நீக்கின வேட்பாளருக்கு விழுந்த சீட்டு 33 லட்சம். அதில சஜித்துக்குச் சேர்ந்தது 1,67,867. அநுரவுக்கு 1,05,264. ரெண்டையும் கூட்டினால் 2 லட்சத்து 73 ஆயிரம். நூற்றுக்கு எட்டுச் சீட்டுத்தான் பயன்பட்டது. மிச்சம் 92 உம் கட்டி வைச்ச சீட்டு.

ரெண்டு பேருக்கும் முதல் எண்ணிக்கையில இருந்த இடைவெளி 12 லட்சத்து 72 ஆயிரம். அந்த 33 லட்சம் பேரும் 2 போட்டிருந்து, அதில நூற்றுக்கு எழுபது சஜித்துக்குப் போயிருந்தால் ஜனாதிபதி மாறியிருப்பார். போயிருக்குமோ, தெரியாது. ரணிலுக்குப் போட்ட 23 லட்சம் பேரில கனபேர் பழைய யானைக்காரர், சஜித்தும் முந்தி இருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்காரர்தானே, ஆனா சஜித்திலயும் அவையில கனபேருக்குக் கோபம்.

சங்குக்காரி
2024 செப்டம்பர் 22, இரவு 9.48

எங்களுக்கு 2,26,343. குமார் பொன்னம்பலத்தின்ர எண்ணைத் தாண்டிட்டம்.

கந்தோர்க்காரர்
2024 செப்டம்பர் 22, இரவு 10.02

எண்ணால தாண்டினது சரி. வீதத்தால 2.67 க்கு எதிர 1.7. ஒண்டு சொல்லவேணும் பிள்ளை, தமிழரசு எதிர்த்து நிண்டும் யாழ்ப்பாணத்தில 31 சதவீதம் எண்டது சின்ன விசயமில்லை. அந்த எண்ணை இனி ஆர் தூக்கிக்கொண்டு ஆரிட்டப் போகப்போகினம்? அநுரவுக்கு உங்கட வாக்கு வெல்லவும் தேவைப்படேல்ல, தோக்கடிக்கவும் காணேல்ல.

சங்குக்காரி
2024 செப்டம்பர் 22, இரவு 10.20

சஜித்துக்குப் போட்ட தமிழ் வாக்கு அவருக்குக் கண்டதோ? வடக்கு, கிழக்கு, நுவரெலியா, பதுளை எண்டு அவர் வெண்ட ஏழு மாவட்டமும் தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிற மாவட்டம். அவரும் தோத்தார். நாங்களாவது எங்கட பேரில தோத்தம்.

கந்தோர்க்காரர்
2024 செப்டம்பர் 22, இரவு 10.31

அது நியாயம்.

கொட்டகலை
2024 செப்டம்பர் 23, காலை 8.10

நம்ம மாவட்டம் ரெண்டும் சொன்ன மாதிரியே. இனி 1,700 யாரு தலையில? புது ஆள் கம்பனிக்காரங்களோட எப்படிப் பேசுறாருன்னு பார்க்கணும். சங்கக்காரங்க ரெண்டு பக்கமும் தோத்துப் போனாங்க, அவங்க தொங்கிக்க இப்ப ஒரு அமைச்சும் கிடையாது.

கொட்டாஞ்சேனை
2024 செப்டம்பர் 24, இரவு 11.40

ஹரிணி அமரசூரிய பிரதமர். இன்றிரவே பாராளுமன்றமும் கலைஞ்சுது. நவம்பர் 14 தேர்தல். கந்தோர்க்காரர் ஒரு கிழமை என்றார், பதவியேற்று ஒரு நாளில் முடிச்சிட்டார். அடுத்த கணக்கு தொடங்குங்க: திசைகாட்டிக்கு 113 வருமா?

கல்முனைக் காற்று
2024 செப்டம்பர் 25, காலை 7.15

120 வரும். கூடிப்போனா 125.

கந்தோர்க்காரர்
2024 செப்டம்பர் 25, காலை 7.50

இந்த முறை 1, 2, 3 எண்டு எழுதிப்போடாதேங்கோ, அது வேற தேர்தல். கட்சிக்கு ஒரு புள்ளடி, கீழ வேட்பாளர் இலக்கத்தில மூண்டு பேருக்கு மட்டும் புள்ளடி. ரெண்டு மாதத்துக்குள்ள ரெண்டு முறை. எத்தனை சீட்டுப் பழுதாகப் போகுதோ.

பருத்தித்துறைப் பெடியன்
2024 செப்டம்பர் 25, காலை 8.22

யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம். திசைகாட்டிக்கு இஞ்ச ஏழு சதவீதம். அஞ்சு தாண்டினால்தான் கணக்கிலயே எடுப்பினம். ஒண்டு கிடைக்கிறதே பெரிய பாடு. இதையும் மாத்தமாட்டன்.